விறகுக்கு ஒரு கட்டில்

"வீட்டுல சும்மாதானே இருக்க, விறகைக்கூடக் காய வச்சு அடுக்கத் தெரியாதா?" இதுதான் அவர் சொன்னது, ஓர் எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை, சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டார், நானும் போட்டேன், அதில்தான் எனக்கு என் மேலேயே ஆத்திரம், கரண்டியைப் போட்டது போட்டபடி வாசல் தாண்டிப் போகிற பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், அவர்கள் எல்லோரும் தோசை சுடாத ஊரில் இருப்பார்கள் போல. தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னேன், அடுக்கத் தெரியும், அடியில் வைக்கத்தான் ஒன்றும் இல்லை, டைல்ஸ் கடைக்குப் பின்னால் மரப் பேலட் சும்மா கிடக்கிறது, ஒரு வார்த்தை கேட்டு வாங்கி வாருங்கள் என்று பத்து நாளாகச் சொல்கிறேன் என்று. ஓசிக்கு நான் போய் நிக்கணுமா என்றார். ஓசி என்ற சொல்லை அவர் சொல்லும்போது உதட்டில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு சுளிப்பு. சர்க்கார் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காலத்தில் வீட்டு வாசலில் தானாக வந்து இறங்கிய கேரட் மூட்டையும் முட்டைக்கோஸும் ஓசி இல்லையாம், அதெல்லாம் மரியாதையாம். ரிட்டயர் ஆன மறுமாசமே மரியாதைக்கும் வயசாகிவிட்டது, கேரட் நின்றுவிட்டது, அதை நான் ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை, இல்லை, சொல்லிக் காட்டியிருக்கிறேன், இரண்டு தடவை. அவர் பெயர் மௌனகுரு. பெண் பார்க்க வந்தபோது தலை குனிந்தபடி காராபூந்தி தின்றார், ஒரு பேச்சு இல்லை, எவ்வளவு சாது பாரு என்று அம்மா பூரித்துப்போனாள். குறை சொல்ல மட்டும் திறக்கிற வாய், ஏதாவது கேட்டால் மூடிக்கொள்ளும் என்று எந்த ஜாதகத்திலும் எழுதியிருக்கவில்லை. சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். நான் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, நாற்பத்தாறு படி ஏறி ரோட்டுக்கு வந்தேன். குன்னூரில் வீடு என்றால் பாதிப் பேருக்கு ரோட்டுக்கு மேலே, பாதிப் பேருக்கு ரோட்டுக்குக் கீழே, எனக்கு வாய்த்தது கீழே.

இறக்கத்தில் நடக்கும்போது முழங்காலைவிட அந்த வாக்கியம்தான் அதிகம் வலித்தது. கான்வென்டில் சிஸ்டர் பெனடிக்டா ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு சொல்லாக அடிக்கோடு போட்டு, இது என்ன வேலை செய்கிறது, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பார். நானும் எழுதிப் பார்த்தேன். வீட்டுல. சரி, இடம். யாருடைய வீடு என்று அதில் இல்லை. சும்மா. அதை அப்புறம் பார்க்கலாம். தானே. அது கேள்வி மாதிரி வரும், கேள்வி இல்லை, ஆமாம் என்று நீயே சொல்லிக்கொள் என்று கழுத்தைப் பிடிக்கிற கை. விறகைக்கூட. இங்கேதான் முள். விறகை என்று சொல்லியிருந்தால் போயிற்று, விறகைப் பற்றிய பேச்சு, விறகோடு முடிந்திருக்கும். கூட என்று சேர்த்ததும் பின்னால் ஒரு பெரிய வரிசை வந்து நிற்கிறது, உனக்கு அது தெரியவில்லை, இது தெரியவில்லை, பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை, சம்பந்தி வீட்டில் பேசத் தெரியவில்லை, எல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டேன், கடைசியில் கட்டையிலும் கட்டை, இந்த விறகு, அதுகூடவா. இருபத்தொன்பது வருஷத்தை ஒரு மனுஷன் ஒரு சின்னச் சொல்லில் அடக்க முடியும் என்றால் அது இந்தக் கூடவில்தான். அப்புறம் தெரியாதா. தெரியும். எனக்கு என்ன தெரியும் என்று கேட்டால் சொல்வேன், சீகை விறகு கற்பூர மரத்தைவிட நின்று எரியும் என்று தெரியும், பட்டை மேலே பார்க்க அடுக்க வேண்டும் என்று தெரியும், அடுக்குக்கும் சுவருக்கும் ஒரு சாண் விட வேண்டும் என்று தெரியும், அடிவரிசை மண்ணில் பட்டால் மேல் வரிசை வரைக்கும் ஈரம் ஏறிப் படியும் என்று தெரியும், எல்லாம் போன வருஷம் தெரிந்துகொண்டது. எதிரே வந்த போஸ்ட் ஆபீஸ்காரர் வீட்டம்மா நடைப் பயிற்சியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

போன வருஷம் ஐப்பசியில் சமையலறைக்குப் பின்னால் மண்ணிலேயே அடுக்கியிருந்தேன். மேலே தார்ப்பாய் போட்டிருந்தேன், மழை மேலேயிருந்துதான் வரும் என்று நம்பியது என் தப்பு, எங்கள் வீட்டில் அது பின்சரிவிலிருந்து தரைக்கடியில் ஊறி வரும், கள்ளத்தனமாக, சத்தமில்லாமல். கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையாக மகள் லோசனி மாமியாரையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். கணப்பில் நாலு கட்டையை வைத்துப் பற்ற வைத்தேன். ஈர விறகு எரியாது, அழும். முனையில் நுரை கட்டி, உஸ் என்று ஒரு சத்தம், அப்புறம் புகை, அறை முழுக்க, திரைச்சீலையில், தலையணையில், பாயசத்தில். சம்பந்தியம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, திருப்பூர்க்காரர்களுக்கே உள்ள மரியாதையோடு, உங்க ஊர்க் குளிரைக்கூடத் தாங்கிக்கலாமுங்க, இந்தப் புகையைத்தானுங்க தாங்க முடியாது என்றார். அங்கேயும் ஒரு கூட. இப்போது லோசனிக்கு ஏழாவது மாசம். இந்த ஐப்பசி பிறந்ததும் வளைகாப்பு, போட்டுவிட்டு அழைத்து வருவது பெண்ணைப் பெற்றவர்களின் உரிமை, உலகத்தில் எனக்கென்று எழுதி வைத்த ஒரே உரிமை, அதற்கும் நேற்று லோசனி போனில் ஒரு செய்தி. அம்மா, அத்தை ரூம் போட்டோ கேக்கறாங்க, கணப்பு எரியறதையும் ஞாயித்துக்கிழமைக்குள்ள வீடியோ எடுத்து அனுப்பச் சொல்றாங்க, புகை இருக்கான்னு பாக்கணுமாம், கோச்சுக்காத. கோபித்துக்கொள்ளவில்லை. நான் என் மகளைப் பெற்ற அறையை நானே படம் பிடித்து விண்ணப்பம் போட வேண்டும், அவர்கள் பார்த்து முடிவு சொல்வார்கள், இல்லையென்றால் திருப்பூரிலேயே பிரசவம், நான் மூன்றாம் நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்த் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஹீட்டர் வாங்கி வைக்கலாமே என்று மாப்பிள்ளை சொன்னாராம். மழை பிடித்தால் இங்கே மூன்று நாள் கரண்ட் இருக்காது என்பது அவருக்கு எப்படித் தெரியும். திங்கட்கிழமை ஒரு லோடு சீகை விறகு வந்து இறங்கியிருக்கிறது, இரண்டு மாசம் வெயில் பட்டு எலும்பு மாதிரி காய்ந்த விறகு, தட்டினால் டங் என்கிறது. நாளையிலிருந்து மழை என்கிறார்கள். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தரையிலிருந்து அது எழும்ப வேண்டும், அவ்வளவுதான் விஷயம், நான் ஒன்றும் தங்கம் கேட்கவில்லை.

டைல்ஸ் கடையில் நஜீர் பாய் என்னைப் பார்த்ததும், வாங்க அக்கா, பாத்ரூம் டைல்ஸா என்றார். இல்லை என்றேன். பேலட் என்றேன். எனக்கு முகம் சிவந்துவிட்டது, ஐம்பத்து நாலு வயசில், ஒரு கடைக்காரர் முன்னால். ஓசி என்ற அந்த உதட்டுச் சுளிப்பு என் மூஞ்சியிலும் வந்து ஒட்டிக்கொண்டது, அவரோடு இத்தனை வருஷம் இருந்ததில் அவருடைய ரத்தக்கொதிப்பு எனக்கு வரவில்லை, வெட்கம் மட்டும் வந்திருக்கிறது. பாய் ஒன்றுமே யோசிக்கவில்லை. பின்னாடி கிடக்குது அக்கா, எத்தனை வேணுமோ எடுத்துக்கோங்க, நாளைக்குப் புது லோடு வருது, இன்னைக்குச் சாயங்காலம் எல்லாத்தையும் உடைச்சுக் கொளுத்திடுவாங்க, எடம் அடைக்குது என்றார். குட்டியானை என்று இங்கே எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்று டெலிவரிக்குப் போயிருக்கிறது, அரைமணியில் வரும், வீட்டு ரோடு வரைக்கும் போட்டுவிட்டு வரச் சொல்கிறேன் என்றார். இவ்வளவுதானா. பத்து நாள் சண்டை, இன்றைக்கு ஒரு வாக்கியம், இதற்கா. பின்பக்கம் போனேன். டைல்ஸ் பெட்டிகளுக்கு அடியில் கொடுத்து லாரியில் ஏற்றுகிற மரத்தட்டு, மேலே ஏழு பலகை, கீழே குறுக்காக மூன்று கட்டை, நடுவில் கை நுழைகிற இடைவெளி, காற்று போக. ஒரு பக்கம் ஏதோ துறைமுகத்து முத்திரை சுட்டிருந்தது, என்னைவிட ஊர் பார்த்த கட்டை. நாலு நல்லதாகச் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே ஒரு சாக்குப் போட்டு மூடியிருந்தது. தள்ளி ஒன்று, பலகை இரண்டு உடைந்து, தேங்கிய தண்ணீரில். சாக்கை எடுத்துவிட்டு, மேலே உட்கார்ந்தேன். சாக்கை யார் போட்டிருப்பார்கள், எதற்குப் போட்டிருப்பார்கள் என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வழியே அனுப்பிவிட்டேன்.

பேலட் என்று முதலில் நான் கேட்டது நாலாம் வகுப்பில். மதியம் தையல் பீரியடில் சிஸ்டர் பெனடிக்டா புனிதர்களின் சரித்திரம் படிப்பார், கிறிஸ்துவப் பிள்ளைகளுக்கு அது வேதம், எங்களுக்கு அது கதை, ஊசி குத்திக்கொள்ளாமல் கேட்க வேண்டும். ஏதோ ஒரு புனிதர், பெயர் மறந்துவிட்டது, ராஜ வம்சம், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஒரு பேலட்டில் படுத்துத் தூங்கினார் என்று வந்தது. கதைக்குப் படம் வரையச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த பேலட் ஓவிய வகுப்பில் வண்ணம் குழைக்கிற தட்டுதான், கட்டைவிரல் நுழைய ஓட்டை வைத்தது. நான் புனிதரை அதன்மேல் சுருண்டு படுக்க வைத்தேன், தலைமாட்டில் சிவப்பு, கால்மாட்டில் பச்சை, ஒரு கால் மட்டும் ஓட்டை வழியாகக் கீழே தொங்கியது, இடம் போதவில்லை. சிஸ்டர் பெனடிக்டா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவை. வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினார். ஒரே சத்தம், எழுத்து மூன்று வகை, வத்சலா, ஒன்று வாயின் மேல் அண்ணம், ஒன்று வண்ணத் தட்டு, ஒன்று ஏழையின் படுக்கை என்றார். அப்போது மனப்பாடம் செய்தது இன்னும் இருக்கிறது, எதற்கு என்றுதான் தெரியவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஆங்கிலத்தை எல்லாம் பால்காரரிடமும் கேஸ்காரரிடமுமா பேசுவது. ஏன் தாமதம் என்று கேட்டால் சிம்ப்ளி, சிஸ்டர் என்போம், ஏன் ஜன்னல் பக்கம் நிற்கிறாய், சிம்ப்ளி, சிஸ்டர். சும்மாவை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்தது. அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் சிம்ப்ளிக்கு ஆங்கிலத்தில் அர்த்தம் இல்லை, யாரும் எதையும் சிம்ப்ளியாகச் செய்வதில்லை, காரணத்தைச் சொல் என்பார். காரணம் இருக்காது. சும்மாதான் நின்றிருப்போம். இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன், அடிக்கோடு போடாமல் விட்டதற்கு. வேலை இல்லாமல் இருந்தாலும் சும்மா, விலை இல்லாமல் கிடைத்தாலும் சும்மா, காரணம் இல்லாமல் செய்தாலும் சும்மா, உடம்பில் ஒன்றும் போடாமல் நின்றாலும் சும்மா நிக்கறான் என்பார்கள். வீட்டுல சும்மாதானே இருக்க. வேலை இல்லாமலா, விலை இல்லாமலா. இரண்டாவதென்றால் அவர் சொன்னது சரி, நான் ஓசியில் வந்தவள்தான், சுவரோரம் போட்டு வைத்து, மேலே பாரம் ஏற்றி, அடியில் ஈரத்தைத் தாங்குகிறவள். இதை இப்படியே அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

அந்த நேரத்தில்தான் விளக்குமாறோடு ஒரு பெண் வந்தாள். கோடவுன் கூட்டுகிறவள், தெய்வானை என்று பாய் உள்ளேயிருந்து கூப்பிட்டதில் தெரிந்தது. என் வயசுதான் இருக்கும், என்னைவிட ஒல்லி, ஆண்பிள்ளை ஸ்வெட்டர், கைமடிப்பு இரண்டு சுற்று. தரையில் கிடந்த சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாக்கை எடுத்து உதறி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். நான்தான் முதலில் பேசினேன், எனக்கு அந்த மாதிரி நேரத்தில் வாய் நிற்காது, பாய் எடுத்துக்கச் சொன்னார், நாலும் நான் எடுத்துக்கறேன், இங்க சும்மாதானே கிடக்கு என்றேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் கேட்டது. சும்மாதானே. அதே தானே, அதே கை, அதே கழுத்து.

"சும்மா கிடக்கலீங்கம்மா," என்றாள். "நான் ஒதுக்கி வச்சது."

எரிக்கவா என்று கேட்டேன். படுக்க என்றாள். எஸ்டேட் லயன் வீடு, பின்னால் தேயிலைச் சரிவு, மழை ஆரம்பித்தால் தரை ஊறிக்கொள்ளும், போன வருஷம் பாய்க்கடியில் தண்ணீர் நின்று முதுகு பிடித்துக்கொண்டது, இரண்டை ஒட்டிப் போட்டு மேலே பாயைப் போட்டால் ஆள் நனையாமல் படுக்கலாம், மகனுக்கு இரண்டு, தனக்கு இரண்டு. மூன்று லோடாகப் பார்த்துப் பார்த்து நல்லதாக எடுத்து வைத்தாளாம். சண்டைக்குச் சொல்லவில்லை, கேட்டேன், சொன்னாள். என் வீட்டிலும் தரைக்கடியில்தான் ஊறுகிறது என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை, சொல்லவில்லை. பாய் எட்டிப் பார்த்து, தெய்வானை, அக்காவுக்குக் கொடுத்துரு, நாளைக்கு வர லோடுல நீ எடுத்துக்க என்றார். நாளைக்கு மழை. அது பாய்க்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த இடத்தில் நான் இரண்டு போதும் என்று சொல்லியிருக்கலாம். வாக்கியம் கிடைத்தது, நாக்கு வரைக்கும் வந்தது. ஒரு லோடு விறகு இரண்டில் நிற்காது. ஒரு வரிசை மண்ணில் பட்டால் போதும், ஏறிவிடும், ஞாயிற்றுக்கிழமை அது அழும், வீடியோவில் உஸ் என்று கேட்கும், திருப்பூரில் ஒரு அம்மாள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோவார், போனுக்கே. பிறக்கப்போகிற குழந்தை ஒரு தட்டில், இவள் முதுகு ஒரு தட்டில் என்று நான் நிறுத்துப் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான், அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. எதற்கு அம்மா உங்களுக்கு என்று கேட்டாள். விறகு அடுக்க என்றேன். அவள் சிரித்துவிட்டாள், நக்கலா, நிஜமாகவே சிரிப்பு வந்ததா என்று இப்போதும் எனக்குப் பிடிபடவில்லை.

"விறகுக்குக் கட்டிலுங்களா?"

வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கவில்லை, இடுப்புப் பிடிப்பாம். நான் மேலே இருந்த பேலட்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன், பார்த்தால் பலகை, தூக்கினால் கல், கால் மேல் விழும் போல் சாய்ந்தது. சட்டென்று பாரம் பாதியாயிற்று. மறுமுனையை அவள் பிடித்திருந்தாள். நான் கேட்கவில்லை. அவள் தன் கட்டிலைத் தானே தூக்கி என் வண்டியில் ஏற்றினாள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஒவ்வொரு தடவையும் நீங்க முன்ன போங்கம்மா, பாத்து, ஆணி இருக்குது என்று மட்டும் சொன்னாள். மடித்த சாக்கை வண்டியில் போடப்போய், நிறுத்தி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு உடைந்த பேலட் பக்கம் போனாள். காலால் அதைத் தண்ணீரிலிருந்து தள்ளிப் புரட்டிப் போட்டு, எது தேறும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றி என்று சொன்னேனா என்பது ஞாபகம் இல்லை. தேங்க்ஸ் என்றிருப்பேன். கான்வென்டில் அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஏற்றத்தில் வண்டி முனகிக்கொண்டு போகிறது, பின்னால் கட்டைகள் ஒவ்வொரு வளைவுக்கும் டக் டக் என்று என் முதுகில் தட்டுகின்றன, நாளைக்கு இரண்டைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன், நாளைக்கு என்று நினைக்கும்போதே தெரிகிறது கொடுக்க மாட்டேன் என்று, அடுக்கிய பிறகு யார் பிரிப்பார்கள், சரி வேறு கடையில் கேட்டு வாங்கி அவளுக்கு அனுப்பலாம், எந்தக் கடை, யார் போவார்கள், ஓசிக்கு. அவர் காதில் இது விழுந்தால் என்ன சொல்வார் என்று தெரியும், நீதானே கேட்டே, கிடைச்சுதில்ல, அப்புறம் என்ன மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு. அதுவும் சரிதான். அந்த மனுஷன் சொல்வதில் பாதி சரியாக இருப்பதுதான் இருபத்தொன்பது வருஷமாக என் கஷ்டம், முழுக்கத் தப்பாக இருந்தால் எப்போதோ திரும்பிப் பார்க்காமல் போயிருப்பேன். போயிருப்பேனா. எங்கே. எனக்குப் பயம் விறகு இல்லை, இது வண்டியில் உட்கார்ந்த பிறகு தெரிகிறது, புகையும் இல்லை, லோசனி வராவிட்டால் இந்த மழைக்காலம் முழுவதும் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர், டிவி, தோசை, கூட, தானே. குழந்தை வந்தால் ஆறு மாசத்துக்கு அந்த வாக்கியங்களுக்கு நடுவில் ஓர் அழுகைச் சத்தம் இருக்கும், அவரும் தாத்தா ஆகிக் கொஞ்ச நேரம் மனுஷ பாஷை பேசுவார், அதற்காகத்தான் நான் இன்னொருத்தியின் முதுகுக்கு அடியிலிருந்து இதை உருவிக்கொண்டு போகிறேன், பேரன் பேத்தி என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு. வெயில் போய்விட்டது. லேம்ஸ் ராக் பக்கத்திலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது, மூக்கில் மழை வாசனை. டிரைவர், எந்த வீடுங்க மேடம் என்கிறார். ரோட்டுக்குக் கீழே என்கிறேன். அப்ப ரோட்டுல போட்டுடறேன் என்கிறார். நான் இறக்க, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்த்து, அப்படி இல்ல மேடம், சாய்ச்சு, சாய்ச்சு என்று சொல்லிக் கொடுக்கிறார். ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது, இறக்குவதற்குக் கீழே தள்ளினால் போதும், ஒன்றில் ஒரு பலகை பிளந்துகொண்டது.

வண்டி போய்விட்டது. நாலு பேலட், நான், நாற்பத்தாறு படி. கீழே எங்கள் வீட்டுத் தகரக் கூரை, அதற்குப் பின்னால் நீலத் தார்ப்பாய், அதற்கடியில் என் காய்ந்த விறகு. டிவியில் யாரோ விவாதம் செய்கிறார்கள், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், அவருக்குப் பிடித்த நிகழ்ச்சி. நெற்றியில் ஒரு துளி, பின்னங்கழுத்தில் ஒன்று, நாளைக்கு என்று சொன்ன மழைக்கு அவசரம். ஒன்றைச் சாய்த்து முதல் படியில் இறக்கினேன். என் முனை என் கையில் இருக்கிறது, கீழ் முனை படியில் இடித்து நிற்கிறது, கீழேயிருந்து ஒரு கை பிடித்தால் சறுக்கிக்கொண்டு வரும், விட்டால் நேராகக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகும், போகட்டும் என்றும் ஒரு ஆசை. காலையிலிருந்து ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறேன், அவருடைய வாக்கியத்தையே அப்படியே திருப்பி, வீட்டுல சும்மாதானே இருக்கீங்க, ஒரு முனையைக்கூடப் பிடிக்கத் தெரியாதா என்று, தானேயும் கூடவும் அதனதன் இடத்தில், ஓர் எழுத்து பிசகாமல். இறக்கத்திலும் ஏற்றத்திலும் தீட்டிய வாக்கியம். தெய்வானையிடம் சொன்ன பிறகு அந்தச் சும்மா என் வாய்க்குள் வர மறுக்கிறது, அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கை வழுக்குகிறது. சிராய் ஒன்று உள்ளங்கையில் ஏறிவிட்டது. ஜன்னல் வழியாக அவருடைய பின்தலை தெரிகிறது, ஒரு தடவை அசைந்தது, என் குரல் கேட்டா, வேறு எதற்கோவா, நான் இன்னும் கூப்பிடவே இல்லையே.

"ஏங்க," என்றேன். "மழை வருது. கொஞ்சம் மேல வந்து இந்த முனையைப் பிடிங்களேன்."